தானாகச் சுற்றாத தண்ணீர்

முதலில் ஒரு புதிர்.

அனல்மின் நிலையத்தில் பெரிய உலை ஒன்று. பவுடராக அரைத்த நிலக்கரி அதற்குள் பறந்தபடியே எரிகிறது. தீயின் நடுவில் வெப்பம் 1,300 டிகிரி செல்சியஸுக்கும் மேல். இந்த உலைக்குச் செங்கல் சுவர் கிடையாது. இரும்புக் குழாய்களை வரிசையாக நிறுத்தி, வெல்டிங் செய்து ஒன்றோடு ஒன்று சேர்த்துவிட்டால் அதுதான் சுவர். ஒரு குழாயின் பருமன் சுமார் 5 சென்டிமீட்டர். உலோகத்தின் கனமோ அரை சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். சாதாரண எஃகு 500 டிகிரியைத் தொடுவதற்குள்ளேயே தளர ஆரம்பித்துவிடும். அப்படியிருக்க, 1,300 டிகிரித் தீயைப் பார்த்தபடி இந்தக் குழாய் வருஷக்கணக்கில் நிற்கிறதே, எப்படி?

“ஸ்பெஷல் இரும்பாக இருக்கும்” என்பீர்கள். கால் மார்க் தரலாம். “குழாய்க்குள் தண்ணீர் இருக்கும்” என்றால் முக்கால் மார்க். முழு மார்க் வேண்டுமென்றால் இப்படிச் சொல்ல வேண்டும்: குழாய்க்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓட்டம் நின்றால் குழாய் போச்சு.

கொதிகலன் என்றதும் எல்லாரும் தீயைப் பற்றித்தான் யோசிக்கிறோம். என்னைக் கேட்டால், தீ மூட்டுவது பெரிய வித்தை இல்லை. அந்தத் தீயிடமிருந்து குழாயைக் காப்பாற்றுவதுதான் வித்தை.

ஊட்டி மலை ரயிலை இழுக்கும் நீராவி இன்ஜினைப் பார்த்திருப்பீர்கள். அதில் நெருப்பின் சூடான புகை குழாய்களுக்குள் போகும். சுற்றிலும் ஒரு பெரிய பீப்பாயில் தண்ணீர் நிற்கும். பழைய காலக் கொதிகலன்கள் பெரும்பாலும் இப்படித்தான். அழுத்தம் குறைவாக இருக்கும்வரை இது போதும். அழுத்தத்தைக் கூட்டினால் பீப்பாயின் சுவரைத் தடிமனாக்க வேண்டும்; பீப்பாயின் அகலம் கூடக் கூடத் தடிமனும் கூட வேண்டும். ஓர் எல்லைக்கு மேல் அது கட்டுப்படியாகாது. வெடித்தால் பெரும் ஆபத்து. 1865இல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற நீராவிப் படகின் கொதிகலன்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

அதனால் பொறியாளர்கள் ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார்கள். தண்ணீரைக் குழாய்க்குள் விட்டு, நெருப்பை வெளியே வைத்தார்கள். சின்னக் குழாய் மெல்லிய சுவரோடு பெரிய அழுத்தத்தைத் தாங்கும். இன்றைய மின்நிலையக் கொதிகலன் எல்லாமே இந்த வகைதான்.

இனி, அந்தத் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம்.

உலையின் உச்சியில் ஒரு நீளமான இரும்பு உருளை படுத்திருக்கும். அதை டிரம் என்பார்கள். அதில் பாதி தண்ணீர், பாதி நீராவி. டிரம்மிலிருந்து சில பெரிய குழாய்கள் உலைக்கு வெளியே, நெருப்புப் படாமல், கீழே இறங்கும். அடியில் அவை பிரிந்து, நாம் சொன்ன சுவர்க் குழாய்களாக உலையின் உள்பக்கம் பார்த்தபடி மேலே ஏறி மறுபடி டிரம்முக்கே வந்து சேரும். வெளியே இறங்கும் குழாயில் வெறும் தண்ணீர். உள்ளே ஏறும் குழாயில் தீ படுவதால் தண்ணீரோடு நீராவிக் குமிழிகள். குமிழி கலந்த தண்ணீர் லேசானது. வெறும் தண்ணீர் கனமானது. கனமானது கீழே அழுத்த, லேசானது மேலே ஏற, தண்ணீர் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். பம்ப் வேண்டாம், மோட்டார் வேண்டாம். தீ கூடினால் குமிழி கூடும், சுற்றும் வேகமும் கூடும். இதற்கு இயற்கைச் சுழற்சி என்று பெயர். எவ்வளவு அழகான ஏற்பாடு!

அப்புறம் எதற்குப் பம்ப்? சிக்கல் அழுத்தத்தில் இருக்கிறது.

கடற்கரையில் இருக்கும் சென்னையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் இதற்கு நேர்மாறு. அழுத்தத்தை ‘பார்’ என்ற அலகால் அளப்பார்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். 10 பார் அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 180 டிகிரி வேண்டும். 100 பாரில் 311 டிகிரி. 180 பாரில் 357 டிகிரி. 180 பார் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 180 கிலோ அழுத்துகிறது என்று பொருள்.

ஏன் இவ்வளவு அழுத்தம்? டர்பைன் என்ற விசிறிச் சக்கரத்தைச் சுற்றவைத்து மின்சாரம் தரும் நீராவி எவ்வளவு சூடாகவும் எவ்வளவு அழுத்தத்தோடும் இருக்கிறதோ, அதே நிலக்கரியில் அவ்வளவு அதிக மின்சாரம் கிடைக்கும். அதனால்தான் கடந்த நூறு வருஷமாகப் பொறியாளர்கள் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

ஆனால் அழுத்தம் ஏற ஏற நீராவி நெருங்கிப் போகும். சாதாரணக் காற்றழுத்தத்தில் கொதிக்கும் தண்ணீர் நீராவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை அடைக்கும். அதாவது நீராவி அத்தனை மடங்கு லேசு. 10 பாரில் இந்த வித்தியாசம் சுமார் 170 மடங்காகக் குறைகிறது. 100 பாரில் 12 மடங்குதான். 180 பாரில் வெறும் 4 மடங்கு! இன்னும் ஏற்றி 221 பார், 374 டிகிரிக்குப் போனால் வித்தியாசமே இருக்காது. அங்கே தண்ணீர் எது, நீராவி எது என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. குமிழியும் கிடையாது. இதை மாறுநிலைப் புள்ளி என்கிறார்கள்.

இப்போது இயற்கைச் சுழற்சியை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒன்று கனம், மற்றது லேசு என்ற அந்த வித்தியாசம்தானே தண்ணீரைச் சுற்றவைத்தது? அழுத்தத்தை ஏற்ற ஏற அதுதான் குறைந்துகொண்டே வருகிறது. தீ பெரிதாகும்போது ஓட்டம் பலமாக வேண்டும், ஓட்டமோ மெலிகிறது. சுமார் 180 பாரைத் தாண்டும்போது தானாகச் சுற்றும் என்று தண்ணீரை நம்பி உட்கார முடியாது.

ஓட்டம் மெலிந்தால் என்ன ஆகும்? சமையலறைக்கு வாருங்கள். அம்மாவோ அப்பாவோ தோசை வார்க்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். கல் லேசாகச் சூடேறியதும் தெளித்த தண்ணீர் சுர்ரென்று உடனே ஆவியாகிவிடும். கல் நன்றாகக் காய்ந்தபின் தெளித்தால்? தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், சீக்கிரம் ஆவியாகாது. கல் அதிகச் சூடு, ஆனால் தண்ணீர் மெதுவாக ஆவியாகிறது! காரணம், துளிக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய நீராவிப் படலம் ஒன்று உருவாகி, துளியைத் தூக்கிப் பிடிக்கிறது. நீராவி வெப்பத்தைச் சுலபமாகக் கடத்தாது. ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட் இதை 1756இல் எழுதிவைத்தார். அவர் பெயரிலேயே இது வழங்குகிறது.

கொதிகலன் குழாய்க்குள்ளும் இதுவேதான் நடக்கும். தண்ணீர் வேகமாக ஓடும்வரை குழாய்ச் சுவரில் பிறக்கும் குமிழிகளை அது அள்ளிக்கொண்டு போய்விடும். சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். ஈரமாக இருக்கும் சுவர், உள்ளே கொதிக்கும் தண்ணீரைவிடச் சில பத்து டிகிரிதான் கூடுதலாகச் சூடேறும். 1,300 டிகிரித் தீ எதிரே இருந்தாலும் கவலையில்லை. ஓட்டம் மந்தமானால் குமிழிகள் சுவரை விட்டுப் போகாமல் ஒன்றோடு ஒன்று சேர்ந்து படலமாகிவிடும். அந்த இடத்தில் தண்ணீர் சுவரைத் தொடாது. குழாயின் வெப்பம் சட்டென்று எகிறும். எஃகு இளகி, உள்ளிருக்கும் அழுத்தத்தில் வீங்கி, வாயைப் பிளந்துகொண்டு கிழியும். கிழிந்த குழாயைப் பொறியாளர்கள் ‘மீன்வாய்’ என்றே சொல்வார்கள். பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள்.

இதற்கு ஒரு வழி, குழாயின் உள்சுவரில் துப்பாக்கிக் குழலில் இருப்பதுபோன்ற சுருள் வரிகளைப் போடுவது. தண்ணீர் சுழன்றுகொண்டே ஏறும். சுழலும்போது கனமான தண்ணீர் சுவரோரம் ஒதுங்கும், லேசான நீராவி நடுவுக்குப் போகும். சுவர் நனைந்தபடியே இருக்கும்.

இன்னொரு வழிதான் நேரானது: தண்ணீர் தானாகச் சுற்றாவிட்டால் நாமே தள்ளிவிடுவது.

1920களில் வால்ட்டர் டக்ளஸ் லா மாண்ட் என்ற அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர் இதைச் செய்தார். டிரம்மிலிருந்து இறங்கும் தண்ணீரை ஒரு பம்ப் வாங்கி, மெல்லிய குழாய்களுக்குள் தள்ளும். ஆவியாகும் தண்ணீரைப்போலப் பல மடங்கு தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றில் கொஞ்சம் ஆவியாகும், மிச்சம் டிரம்முக்குத் திரும்பிவந்து மறுபடி கிளம்பும். கடற்படைக்காரருக்கு இந்த யோசனை வந்ததில் ஆச்சரியம் இல்லை. இயற்கைச் சுழற்சிக்குக் குழாய்கள் உயரமாக, நேராக நிற்க வேண்டும். கப்பலில் அதற்கு ஏது இடம்? பம்ப் தள்ளினால் குழாயைப் படுக்கவைக்கலாம், சுருட்டலாம், மடக்கலாம்.

அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நூற்றுக்கணக்கான குழாய்களுக்கு ஒரே பம்ப். தண்ணீர் எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். குட்டையான குழாயில் நிறையப் பாயும், நீளமான குழாயில் குறைவாகப் பாயும்; அந்த நீளக் குழாய் காய்ந்து கிழியும். இதைத் தடுக்க ஒவ்வொரு குழாயின் வாயிலும் துளையிட்ட சின்ன அடைப்பான் ஒன்றைப் பொருத்தினார். எந்தக் குழாய்க்கு எவ்வளவு தண்ணீர் தேவையோ அதற்கேற்ற அளவில் துளை. பள்ளியில் பால் ஊற்றும்போது எல்லாருக்கும் சரியாக வர வேண்டுமே, அந்தக் கவலைதான்! இன்றைய ராட்சதக் கொதிகலன்களிலும் இந்தத் துளைகள் உண்டு.

நம் ஊரிலேயே இதைச் செய்கிறார்கள். திருச்சி-தஞ்சாவூர் சாலையில் திருவெறும்பூரில் இருக்கும் பெல் தொழிற்சாலையின் பெயரே உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை. 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கியது. இந்தியாவின் பல 500 மெகாவாட் மின்நிலையங்களில் நிற்கும் பம்ப் வைத்த கொதிகலன்கள் இங்கே உருவானவைதான். அப்படி ஒன்றை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

டிரம்மின் எடை மட்டுமே 200 டன்னுக்கு மேல். வரிசை வரிசையாகச் சக்கரம் வைத்த டிரெய்லரில் ஏற்றி, நெடுஞ்சாலையில் நடைவேகத்தில் கொண்டுபோவார்கள். மின்நிலையத்தில் கொதிகலனைத் தரையில் உட்காரவைப்பதில்லை. பெரிய இரும்புச் சட்டத்தின் உச்சியிலிருந்து மொத்தத்தையும் தொங்கவிடுகிறார்கள்! ஏனென்றால் சூடானால் இரும்பு நீளும். மிக உயரமான அந்தக் குழாய்ச்சுவர் 350 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறத்தாழ ஒரு சாண் நீளம் வளர்ந்துவிடும். கீழே தரை தடுத்தால் குழாய்கள் நெளிந்துவிடும். தொங்கவிட்டால் தடையில்லாமல் கீழ்நோக்கி வளரும். ஆறினால் சுருங்கி மேலே போகும்.

பம்ப்புகளும் இப்படித்தான். வழக்கமாகப் பம்ப்பைத் தரையில் போல்ட் போட்டு இறுக்குவார்கள். இங்கே அவை டிரம்மிலிருந்து இறங்கும் குழாயிலேயே தொங்குகின்றன. குழாய் இறங்கினால் பம்ப்பும் இறங்கும். டிரம்முக்கு வெகு கீழே இருக்கும்படிதான் வைப்பார்கள். கொதிக்கத் தயாராக இருக்கும் தண்ணீரைப் பம்ப் உறிஞ்சும்போது அழுத்தம் துளி குறைந்தாலும் அது பம்ப்புக்குள்ளேயே ஆவியாகிவிடும். மேலே பல மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் எடை அதை அடக்கி வைக்கிறது.

இனி ஒரு ஆச்சரியம். 180 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்யும் இந்தப் பம்ப் தன் பங்காகத் தரும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? இரண்டு, மூன்று பார்தான். கொதிகலனுக்குள் புதுத் தண்ணீரை அத்தனை அழுத்தத்தோடு திணிப்பது ஊட்டுநீர்ப் பம்ப் என்ற வேறொரு பெரிய பம்ப்பின் வேலை. சுழற்சிப் பம்ப்புக்கு முன்னாலும் பின்னாலும் ஏறத்தாழ அதே அழுத்தம்தான் இருக்கிறது. சுற்றிவர ஒரு சின்னத் தள்ளு கொடுத்தால் போதும்.

ஆனால் பம்ப்பைச் சுற்றும் தண்டு வெளியே வரும் இடத்தில் அத்தனை அழுத்தமும் பீறிட்டு வெளியே வரப் பார்க்குமே? எந்த அடைப்பைப் போட்டாலும் நாளடைவில் கசியும். ஆகவே தண்டை வெளியே விடுவதே இல்லை. மோட்டாரையும் பம்ப்போடு ஒரே கூட்டுக்குள் வைத்து, உள்ளே தண்ணீரை நிரப்பி மூடிவிடுகிறார்கள். ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரின் பெரியண்ணன் இது. மோட்டார் சூடாகாதிருக்க அதன் தண்ணீரைத் தனியாகக் குளிரவைப்பார்கள்.

பம்ப்புகள் எல்லாமே நின்றுபோனால்? யோசிக்க யாருக்கும் நேரம் கிடையாது. கட்டுப்பாட்டு அமைப்பு தானாகவே எரிபொருளை நிறுத்தித் தீயை அணைத்துவிடும். மின்சாரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், குழாய் முக்கியம். இதைத் தவிர்க்கத்தான் ஓடும் பம்ப்புகள் போக ஒன்றை எப்போதும் தயாராக வைத்திருப்பார்கள்.

லா மாண்ட் பம்ப் வைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் இன்னொருவர் வேறு மாதிரி யோசித்தார். மார்க் பென்சன் என்பவர் 1922இல் ஒரு காப்புரிமை வாங்கினார். தொந்தரவெல்லாம் குமிழியால்தானே? 221 பாருக்கு மேலே போய்விட்டால் குமிழியே கிடையாது. குமிழி இல்லையென்றால் தண்ணீரையும் நீராவியையும் பிரிக்கும் டிரம் எதற்கு? ஒரு முனையில் தண்ணீரைத் தள்ளு, மறு முனையில் நீராவியாக எடு. சுற்றே வேண்டாம், ஒரே பாய்ச்சல்! ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் இந்த உரிமையை வாங்கி, 1920களின் பிற்பகுதியில் பெர்லினில் கார்ட்டன்ஃபெல்ட் என்ற இடத்தில் ஓட்டிப் பார்த்தது. ஒரே பாய்ச்சல் என்ற எண்ணம் முழுக்கப் புதிதல்ல. லியோன் செர்போலே என்ற பிரெஞ்சுக்காரர் சூடான குழாய்ச் சுருளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைச் செலுத்தி நீராவிக் கார் ஓட்டினார். 1902இல் நீஸ் நகரில் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டி உலக சாதனை படைத்தது அந்தக் கார். பெட்ரோல் கார்கள் அன்று பின்னால்தான் வந்தன.

மாறுநிலைப் புள்ளியைத் தாண்டி வேலை செய்யும் முதல் வணிக மின்நிலையம் 1957இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஃபைலோ என்ற ஊரில் ஓடத் தொடங்கியது. அதன் ஆறாவது அலகு, 125 மெகாவாட். இன்று வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் கட்டத்தில், 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட 800 மெகாவாட் அலகும் இதே வகைதான்.

டிரம் போனதால் இடமும் இரும்பும் மிச்சம். ஆனால் ஒரு வம்பு வந்து சேர்ந்தது. டிரம் இருக்கும்போது தண்ணீரில் உள்ள உப்பு அதிலேயே தங்கும். அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை வடித்துவிட்டால் உப்பும் போய்விடும். ஒரே பாய்ச்சலில் எல்லாத் தண்ணீரும் நீராவியாகிவிட்டால் உப்பு எங்கே போகும்? குழாயிலோ டர்பைனிலோதான் படியும். உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதுபோன்ற மெல்லிய படிவு போதும், வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் குழாயிலேயே தங்கிக் குழாயைக் கெடுத்துவிடும். ஆகவே கொதிகலனுக்குப் போகும் தண்ணீரிலிருந்து உப்பை ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிவிடுகிறார்கள். நாம் கேனில் வாங்கிக் குடிக்கும் தண்ணீரைவிட அது பல மடங்கு சுத்தம். குடித்தால் ருசி இருக்காது என்பது வேறு விஷயம்.

அழுத்தத்தை ஏற்றியதால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரியும் நிலக்கரி குறைந்திருக்கிறது. அந்த அளவுக்குப் புகையும் குறைந்திருக்கிறது. ஆனால் நிலக்கரி நிலக்கரிதான். எவ்வளவு கெட்டிக்காரக் கொதிகலனாக இருந்தாலும் கரியமில வாயு வரத்தான் செய்யும். அதற்குக் கொதிகலன் செய்பவர்களிடம் மருந்து இல்லை.

தண்ணீரைப் பம்ப்பால் சுற்றவைக்கும் முறை நிலக்கரியோடு நின்றுவிடவும் இல்லை. மும்பைக்கு வடக்கே தாராப்பூரில் 1969இல் தொடங்கிய அணுமின் நிலையத்தின் முதல் இரண்டு உலைகளிலும் யுரேனியக் கம்பிகளைச் சுற்றித் தண்ணீரைத் தள்ளுவது பம்ப்தான்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. 500 மெகாவாட் கொதிகலன் ஒன்று மணிக்கு 1,500 டன் நீராவி தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி 12,000 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அந்தக் கொதிகலன் ஒரு மணி நேரத்தில் எத்தனை லாரித் தண்ணீரை ஆவியாக்கும்? ஒரு லாரி காலியாக எத்தனை விநாடி? போட்டுப் பார்த்து, விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அவ்வளவு தண்ணீரையும் மின்நிலையம் எங்கிருந்து கொண்டுவருகிறது என்று அவரைக் கேளுங்கள். டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிரவைத்து, அதே தண்ணீரைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்று அவர் சொன்னால், எப்படிக் குளிரவைக்கிறார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்க மறக்காதீர்கள்.